காட்டிவிட்டு எடுப்பவர்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்றால் வெளியூர்க்காரர்கள் பெரும்புதூரில் நடந்ததைத்தான் கேட்பார்கள். ஒரகடத்தில் எங்கள் தெருவில் அந்த வருஷத்துக்கு வேறு அடையாளம் உண்டு. டிரான்ஸ்பார்மர் வெடித்த வருஷம். நல்ல வெயில், பட்டப்பகல். பெரிய சத்தம் கேட்டது. கரண்டு கண்டபடி ஏறி, ஓடிக்கொண்டிருந்த ஃபேன், மிக்சி, ரேடியோ எல்லாம் புகைந்தன. டீக்கடைக்காரர் வீட்டில் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் ஈர விறகு மாதிரி புகைந்தது. தெருவே நின்று பார்த்தது. அந்த டி.வி. இல்லாமல் நான் சொல்ல வந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவர் என் வீட்டு முன் ரூமில் குடியிருந்தார். பேர் சரியாகத் தெரியாது, நாங்கள் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வீடியோக்காரர் என்போம். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். சம்சாரம் அரக்கோணம் பக்கம் அம்மா வீட்டில் இருந்தது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி, கேமராக் கண்ணைத் துடைக்க. தன் முகத்தைத் துடைக்க அதை எடுக்கமாட்டார், சட்டைக் கையிலேயே துடைத்துக்கொள்வார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் வீடியோ எடுப்பார். ரூமில் பாதி பாய், தலகாணி. மீதிப் பாதி ஸ்டூடியோ. சுவரில் நீலப் புடவை ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார். கேசட் ஓட்டுகிற டெக் இரண்டு, ஒரு கலர் டி.வி., மற்றதெல்லாம் ஒயர்.

என் வீட்டுக்காரி பெருக்கப் போனால், "அண்ணி, அந்த ஒயரை மட்டும் தாண்டி வாங்க" என்பார்.

"எந்த ஒயரைன்னு தாண்டறது? ரூமே ஒயராத்தானே கீது" என்பாள் அவள்.

நான் அப்போது செங்கல் சூளையில் வேலை பார்த்தேன். இன்றைக்குக் கம்பெனி பஸ் வரிசையாக நிற்கிற இடத்தில்தான் எங்கள் சூளை இருந்தது. மழை வந்தால் சூளையில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் நான் அவர் ரூம் வாசலில் உட்கார்ந்து, அவர் செய்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசினால் பேசுவார், இல்லாவிட்டால் ஒயரைச் சீவிக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாசலில் இருந்து பார்த்ததுதான்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. யாரை எடுத்தாலும் அவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் எடுப்பார். கொஞ்சம் எடுப்பார், நிறுத்துவார், கேசட்டைப் பின்னால் ஓட்டுவார், கேமராவில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக அவர்களையே எட்டிப் பார்க்கச் சொல்வார். "பாத்துக்கினீங்களா? எடுக்கட்டா?" என்பார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் சிவப்புப் பொத்தானை மறுபடி அமுக்குவார். கிழவிகள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஓட்டைக்குள் பார்ப்பார்கள். "ஒண்ணும் தெரியலையேப்பா" என்பார்கள். கையால் அவர்கள் இமையைப் பிடித்து ஒரு கண்ணைத் திறந்து வைப்பார். அதற்குள் அங்கே தாலியே கட்டி முடிந்திருக்கும்.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? எடுத்தமா வந்தமான்னு இல்லாம" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் கல்யாண கேசட்ட நீ பாத்ததில்லையே ண்ணா" என்றார். "மீசையில ஒரு சோத்துப் பருக்கை. முகூர்த்தத்துல ஆரம்பிச்சி, மறுவீடு வரைக்கும் அப்படியே கீது. எடுத்தவன் பாத்தான். எங்க மாமனார் பாத்தார். ஒருத்தனும் சொல்லல. இன்னிக்கும் அவங்க வூட்ல யாராவது வந்தா அந்தக் கேசட்டைப் போட்டுப் பருக்கை எங்கன்னு கண்டுபிடிக்க சொல்றாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு கை தானாக மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

அந்தக் குணத்தால் அவருக்கு வந்த பேஜார் கொஞ்சமில்லை. படப்பைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சாவு. ஊர்வலம், பட்டாசு, பேண்டு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு வீடியோவுக்கு இவரைக் கூப்பிட வந்தார்கள். இவர் போகவில்லை.

"ஏம்ப்பா, துட்டு பத்தலையா?"

"அதில்லீங்க. பெரியவருக்குக் காட்ட முடியாது. காட்டாம எடுத்து எனக்குப் பழக்கமில்ல."

வந்தவர் என்னைப் பார்த்தார். "இன்னாங்க, உங்க வூட்ல கிறுக்கனையா குடி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குக் கோபம்தான். வந்த வேலையை யாராவது இப்படித் திருப்பி அனுப்புவார்களா? அவரிடம் சொன்னால் மஞ்சள் துணியை எடுத்துக் கேமராக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

டிரான்ஸ்பார்மர் வெடித்த மறுநாள் டீக்கடைக்காரரிடம் போய், "அந்த டி.வி.ய இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"எடுத்துக்கினு போய்யா. அதைப் பாத்தாலே வயிறு எரியுது."

நானும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தோம். கருகினதைக் கழற்றி, புதுசு வாங்கிவந்து பற்றவைத்து, ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். படம் வந்தது. கதவைத் திறந்து மூடினால் பழைய மாதிரி கிறீச் என்றது. "இனிமே ஓட்டைல பாக்க வேணாம் ண்ணா. கேமராலேருந்து டெக்குக்கு, டெக்குலேருந்து இந்தப் பொட்டிக்கு ஒயரு. எடுக்கும்போதே அவங்களே அவங்களைப் பாக்கலாம். இதுக்குப் பேரு மானிட்டர்" என்றார். குழந்தை பிறந்த சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

அதை ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் எடுத்துப் போனார். மணமேடைக்கு எதிரில் வைத்ததும், ஏதோ படம் போடுகிறார்கள் என்று மண்டபமே அங்கே வந்துவிட்டது. பந்தியில் இலை போட்டு ஆள் இல்லை. பின்னால் இருந்தவர்கள் தாங்களும் பெட்டிக்குள் தெரியவேண்டுமென்று கையை ஆட்டினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "யோவ், ஐயர் மந்திரம் சொல்றாரு, ஒருத்தன் அவரைப் பாக்கல, எல்லாம் உன் பொட்டியப் பாக்கறான்!" என்று கத்தினார். கல்யாணப் பெண் மட்டும் சந்தோஷமாகப் பெட்டியைக் கண்ணாடி என்று நினைத்து, நெற்றிப் பொட்டைச் சரி செய்தது. வலது பக்கம் நகர்த்த நினைத்தால் பெட்டிக்குள் இடது பக்கம் போயிற்று. நகர்த்தி நகர்த்திக் கடைசியில் பொட்டு புருவத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மதியத்துக்கு முன்னாலேயே பெட்டி வண்டியேறி என் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அப்புறம் அது ரூம் மூலையில் கிடந்தது. அதன் மேல் அவர் லுங்கி காயும்.

அப்புறம் மழை பெய்த ஒரு மத்தியானம் வேறொரு பெண் வந்தது. எங்களுக்கு அடுத்த தெரு. வாய் பேசாது, காதும் கேட்காது. வாலாஜாபாத் பக்கத்தில் இருந்து சொந்த அத்தை மகனுக்கே கட்டிக்கொண்டு வந்தது. அவன் சின்ன வயசில் மாமன் வீட்டிலேயே அதோடு சேர்ந்து வளர்ந்தவன், அதனால் அது கையால் பேசுவது முழுக்க அவன் ஒருத்தனுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்குச் சோறு, தண்ணீர், தலைவலி வரைக்கும் தெரியும். புருவத்தில் விரலால் குறுக்கே ஒரு கோடு போட்டால் அவன் என்று அர்த்தம். அவனுக்கு அங்கே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அவன் கம்பி கட்டுகிற வேலைக்கு மஸ்கட் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் கடுதாசி எழுதத் தெரியாதவர்கள் டேப்பில் பேசி, போகிறவர்கள் வருகிறவர்கள் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். இந்த வீட்டில் மாமியார் பேசுவாள். அவள் பேசினால் மருமகளுக்கும் சேர்த்துப் பேசின மாதிரி.

பெண் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து வீடியோக்காரர் கையில் வைத்தது. போடு என்று காட்டியது. டேப்ரிக்கார்டரில் போட்டார். மஸ்கட்டிலிருந்து வந்த கேசட். அவன் குரல்.

"யம்மா, அவளுக்கு அங்க இருக்கவே இஷ்டம் இல்ல, மூஞ்சியத் திருப்பிக்கினு கீறான்னு மூணு கேசட்டா சொல்லிக்கினு வர்ற. நீ பொய் சொல்ல மாட்ட. இஷ்டம் இல்லன்னா அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிச்சிடு. பொங்கலுக்கு நான் வந்து, பெரியவங்கள வெச்சி பேசி முடிச்சிக்கறேன்."

கேட்டு முடிக்கும்வரை அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கேசட்டில் என்ன இருக்கிறதென்று அதற்குச் சாடையாகத் தெரிந்திருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்து மீதியைத் தெரிந்துகொண்டது. புருவத்தில் கோடு போட்டது. கேமராவைக் காட்டியது. இரண்டு கையையும் விரித்து நீட்டியது. இதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

நீலப் புடவைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். கலர் டி.வி. பக்கவாட்டில், டெக்குக்குப் பக்கத்தில் இருந்தது, எடுப்பது அதிலேயே தெரிந்தது. வழக்கம்போல் கொஞ்சம் எடுத்துப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டியது. தன் கண்ணைத் தொட்டது, கலர் டி.வி.யைக் காட்டியது, உதட்டைப் பிதுக்கியது.

"இன்னாவாம்?" என்றேன்.

"அது பொட்டியப் பாத்துக்கினு பேசுது ண்ணா. புருஷன் போட்டுப் பாக்கும்போது, வேற எங்கியோ பாத்துக்கினு பேசற மாதிரி கீதுல்ல? மூஞ்சியத் திருப்பிக்கறான்னு அவங்க அம்மா சொன்னது மெய்யின்னு ஆயிடும்."

"அப்ப பொட்டி வேணாம், கேமராவையே பாத்துப் பேசச் சொல்லு."

"கை படக் கட்டத்துக்கு வெளிய போயிட்டா? நம்ம பேச்சு பாதி கேக்கலன்னாகூட மீதிய வெச்சி ஊகிச்சிக்கலாம். இதுக்குக் கை போச்சுன்னா பேச்சே போச்சு. அது பாத்துக்கினே பேசணும். அவனைப் பாத்த மாதிரியும் இருக்கணும்."

மூலையில் கிடந்த பெட்டியின் மேலிருந்து லுங்கியை எடுத்து வீசினார். கேமராவுக்கு நேர் கீழே, ஒட்டினாற்போல் பெட்டி நிற்கவேண்டும் என்றார். வாசலில் என் செங்கல் அடுக்கு இருந்தது. நான் நனைந்துகொண்டே தூக்கித் தூக்கிக் கொடுத்தேன், அவர் அடுக்கினார். ஒரு கல் வை, எடு, அரைக் கல் வை, என்று வீடு கட்டுகிற மாதிரி. பெட்டிக்கும் கேமராக் கண்ணுக்கும் நடுவில் நாலு விரல்கூட இடைவெளி இல்லை. பெட்டியைப் பார்த்தால் கேமராவைப் பார்த்த மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு வந்த கோளாறு இதற்கும் வந்தது. வலது கை கட்டத்துக்கு வெளியே போனது. அதை உள்ளே கொண்டுவர நகர்ந்தது, கை இன்னும் வெளியே போனது. திரும்ப நகர்ந்தது, இப்போது அடுத்த கை வெட்டுப்பட்டது. பேச்சு நின்றுபோயிற்று. மறுபடி ஆரம்பிக்கும், நிற்கும். கடைசியில் தன் வலது கையைத் தானே பட்டென்று அடித்துக்கொண்டு எழுந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்.

"இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வரும்னு சொல்லிக் குடேன்" என்றேன்.

"புருஷனுக்கு இன்னா சொல்றதுன்னு யோசிக்குமா, இடது வலதுன்னு யோசிக்குமா?" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, இரு, போகாதே என்று கையைக் காட்டினார். என் வீட்டுக்காரி காபி போட்டுவந்து கொடுத்து அதைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டார், ஒரு பீடி புகைக்கிற நேரம். உள்ளே கரண்டு தங்கியிருக்குமாம். பிறகு பின் பலகையைக் கழற்றினார். பிக்சர் டியூபின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றின வளையம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வருகிற இரண்டு ஒயரை எடுத்துவிட்டு, அதை இங்கே, இதை அங்கே என்று மாற்றிப் பற்றவைத்தார். ஏற்கெனவே ஒருதரம் புகைந்த பெட்டி. சுவிட்சைப் போடும்போது நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

"வா ண்ணா, வெடிக்கல."

படம் திரும்பியிருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி, இந்தக் கையைத் தூக்கினால் இந்தப் பக்கமே கை தூக்கியது.

"அப்ப கேசட்லயும் திரும்பித்தான் விழுமா?"

"அதெல்லாம் விழாது. இந்தப் பொட்டிக்கு மட்டும்தான் திரும்பும். கேசட்டு நேராத்தான் இருக்கும்."

அந்தப் பெண் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது. மெதுவாக வலது கையைத் தூக்கிப் பார்த்தது. இறக்கியது. இடது கை. இரண்டையும் தூக்கி ஆட்டியது. சிரித்தது. அந்தப் பெண்ணின் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பாத்துக்கினியாம்மா? எடுக்கட்டா?" காது கேட்காத பெண்ணிடம் வாய்விட்டுத்தான் கேட்டார். அது தலையாட்டியது.

புருவத்தில் கோடு போட்டுவிட்டு ஆரம்பித்தது. நான் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டுக் கேட்டிருக்கிறேன், ஒப்பாரி கேட்டிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு பேச்சை நான் பார்த்ததில்லை. வளையல் சத்தம் மட்டும்தான். விரல் சில நேரம் மழை மாதிரி வேகமாக இறங்கியது, சில நேரம் ஒரு விரல் மட்டும் காற்றில் அப்படியே நின்றது. கை ஓரத்துக்குப் போனால் தானே பார்த்து உள்ளே கொண்டுவந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை.

பாதியில் மாமியார் வந்துவிட்டாள், குடைகூட இல்லாமல். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"இன்னாடா நடக்குது இங்க? இன்னா சொல்றா அவ?"

"எனக்குத் தெரியாது ஆயா."

"யாருடா ஆயா? உங்க அம்மாவ வேணா சொல்லு! தெரியாமதான் எடுக்கறியா?"

"மெய்யாலுமே தெரியாதும்மா. உங்களுக்குத் தெரியுதா?"

அவள் கொஞ்ச நேரம் மருமகளின் கையைப் பார்த்தாள். மருமகள் நிறுத்தவில்லை. முடிந்தது என்று கையைக் கூப்பிவிட்டு மடியில் வைத்துக்கொண்டது.

"நானும் பேசறேன். என் புள்ளைக்கு நான்தான் சொல்லணும்" என்றாள் மாமியார்.

"பேசுங்க. அதுக்கு முன்னாடி உக்காந்து ஒரு தபா பாத்துக்கங்க."

உட்கார்ந்தாள். பெட்டிக்குள் தன்னைப் பார்த்தாள். நனைந்த தலை, இறுகின வாய். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, என் மூஞ்சி இன்னாத்துக்கு இப்படிக் கடுகடுன்னு கீது? பொட்டி சரியில்லையா?"

"பொட்டி சரியாத்தாம்மா கீது. இன்னும் எடுக்கல. நீங்க சொன்னாதான் எடுப்பேன்."

அவள் வாயைத் திறப்பாள், பெட்டியைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். கடைசியில், "எடு" என்றாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினார். "சாப்டியா கண்ணு?" என்றாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் போனாள். பாசமாகப் பிடித்தாளா, இழுத்துக்கொண்டு போனாளா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து மஸ்கட் போன ஒரு ஆள் கையில் கேசட் போயிற்று. அதற்குப் பிறகு வீடியோக்காரருக்கு ஒரே கேள்விதான். சூளையிலிருந்து நான் வந்தால், "எதுனா சேதி வந்துச்சா ண்ணா?" டீக்கடையில் பார்த்தால் அதே கேள்வி. "கை முழுசா விழுந்துச்சான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும். நான் இங்க பாத்தது சரி. அங்க அவங்க டி.வி.யில ஓரம் கொஞ்சம் வெட்டும்" என்று தனக்குத் தானே பேசிக்கொள்வார். மருமகளை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை, அது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. பொங்கலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு முன்னாலேயே அவர் காலி செய்யும்படி ஆயிற்று. அரக்கோணம் பக்கம் மச்சான் கடை வைத்தான், கூட வா என்றான். வேனில் சாமான் ஏற்றும்போது அந்தப் பெட்டியைத் தன் காலுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியும் தலையை வெளியே நீட்டி, "சேதி வந்தா சொல்லு ண்ணா" என்றார். எங்கே வந்து சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால் அங்கேயும் இல்லை, வேலூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் அவன் வந்தான். புருவத்தில் தழும்பு. பின்னால் அந்தப் பெண், கையில் வாழைப்பழத் தட்டோடு. பெரியவர்களை வைத்துப் பேச வந்தவனாகத் தெரியவில்லை.

"கேசட் எடுத்த அண்ணனைப் பாக்கணும் ண்ணா" என்றான். இல்லை என்றேன். முகம் விழுந்துவிட்டது. பூட்டிக் கிடந்த ரூமைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சொன்னான். அங்கே ஆட்கள் தங்குகிற கேம்ப்பில் ஒரு டி.வி.தானாம், எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தார்களாம். இவன் கேசட்டைப் போட்டதும் சத்தம் வரவில்லை என்று ஒருத்தன் எழுந்து டி.வி. தலையில் தட்டினானாம். "தட்டாதடா, பேசிக்கினு கீது" என்றானாம் இவன். பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டானாம். கை முழுசாக விழுந்திருந்ததா என்று வீடியோக்காரருக்காகக் கேட்டேன், முழுசாக விழுந்திருந்தது என்றான்.

"இன்னாப்பா சொல்லுச்சு?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரி என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அவன் சிரித்தான். "அது எங்களுக்குள்ள ண்ணா" என்றான். அந்தப் பெண் அவன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, நான் கேட்டது இன்னதென்று தெரிந்துகொண்டு, தானும் சத்தமாகச் சிரித்தது.

அதற்கப்புறம் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. நான் வேலூருக்கு இரண்டு தரம் போனேன், ஆஸ்பத்திரிக்கு. போன இடத்தில் கண்ணில் பட்ட வீடியோக் கடையிலெல்லாம் கேட்டேன். பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் எப்படித் தேடுவது? இப்போது எனக்குக் காலும் வரவில்லை. நீங்கள் நாலு ஊர் போகிறவர்கள், நாலு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். எங்காவது வயசான ஒரு ஆள் கேமராவையோ செல்போனையோ கையில் வைத்துக்கொண்டு, "பாத்துக்கினீங்களா? எடுக்கட்டா?" என்று கேட்டால், அவரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்க்காவிட்டால் பார்க்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒரகடத்தில் இருந்து சேதி வந்தது, கை முழுசாக விழுந்திருந்தது, ஒரு விரல்கூட வெட்டுப்படவில்லை, கடைசிவரைக்கும் அது அவனைப் பார்த்துத்தான் பேசியது என்று.